டிசம்பர் இந்தியப் பயணம்: பழைய கார்டுக் கடனை வைத்துக்கொண்டு கிளம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம். பிள்ளைகள் தொடக்கநிலை 5, தொடக்கநிலை 3. சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போனபோது 9,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிரெடிட் கார்டில் ஏறிவிட்டது. ஒரு மாதம்கூடத் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். இன்னும் 8,600 பாக்கி. இந்த டிசம்பரில் பத்து நாளில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, கொச்சி, மூணாறு, மதுரை என்று பிள்ளைகளுக்கு இந்தியாவைச் சுற்றிக் காட்ட ஆசை. அண்ணன் வீட்டில் நான்கு பேரும் கூட வருவதாகச் சொல்கிறார்கள், செலவு எங்களுடையது. பயணத்துக்கென்று 6,500 சேர்த்திருக்கிறோம், அவசரத்துக்கு 12,000 தனியாக இருக்கிறது. எல்லாம் போக மாதம் 900 மிஞ்சும். பயண நிறுவனம் வட்டியில்லாத் தவணை தருகிறது. செலவுக்கு ஏற்ப விமான டிக்கெட்டுக்கான மைல் புள்ளி தரும் மைல் கார்டு எடுத்தால் லாபம் என்று நண்பர் சொல்கிறார். எது நல்லது? இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: எந்தக் கார்டு நல்லது என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் குறைந்தபட்சத் தொகைதான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்கிறீர்கள். அதனாலேயே பிரச்சினை உங்கள் கண்ணில் படவில்லை.

வங்கி அனுப்பும் மாதக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான வங்கிகள் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வட்டி போடுகின்றன. 27 என்று வைத்தால் மாதத்துக்கு 2.25. 8,600 வெள்ளிக்கு மாத வட்டி 193. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 258. ஆக, அசலில் குறைவது 65 வெள்ளி. கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 3,200 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். அதில் 2,400 வட்டிக்கே போயிருக்கிறது, கடன் குறைந்தது 800. கல்யாணச் செலவுக்கு இன்னும் 8,600 பாக்கி இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு டிக்கெட் பார்க்கிறீர்கள்.

இதைவிட மோசமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கியை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லா நாட்கள் உண்டு. பாக்கி வைத்திருப்பவர் புதிதாகத் தேய்க்கும் தொகைக்குப் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். காசியில் கட்டும் ஓட்டல் பில்லுக்கு அன்றிரவே வட்டி தொடங்கிவிடும்.

இப்போது அண்ணன் குடும்பம். அவர்கள் உங்களிடம் ஒரு தொகை கேட்கவில்லை, "நாங்களும் வர்றோம்" என்றுதான் சொன்னார்கள். நீங்களும் தொகை சொல்லவில்லை. செலவு எங்கே போய் நிற்கும் என்று தோராயமாகப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் வைக்கிறேன். உள்நாட்டு விமானம் இரண்டு முறை, டிசம்பர் கட்டணத்தில் தலைக்கு 8,000 என்றால் நான்கு பேருக்கு 64,000. கூடுதல் அறைகள் எட்டு இரவுக்கு இன்னொரு 64,000. சாப்பாடு 32,000. எட்டுப் பேர் என்றால் இன்னோவா போதாது, டெம்போ டிராவலர் எடுக்க வேண்டும், அந்த வித்தியாசம் 30,000. மொத்தம் 1,90,000 ரூபாய், ஏறத்தாழ 2,900 வெள்ளி. உங்கள் மூன்று மாத மிச்சம் இது. அண்ணனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. யாரும் சொல்லாததால் அவருக்குத் தெரிய வழியில்லை.

உங்கள் பயணத் திட்டமும் கார்டுக்கே வேலை வைக்கிறது. பத்து நாளில் ஏழு ஊர் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது அரை நாள் போகும். கொச்சியிலிருந்து மூணாறுக்கு மலைச்சாலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் இரண்டாம் பாதியிலிருந்து ஜனவரி வரை டெல்லி, ஆக்ரா, காசி முழுக்க மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், காலை விமானங்கள் ரத்தாகும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. நான்கு பேருக்கு அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும். அதைக் கார்டில்தான் தேய்ப்பீர்கள்.

என் யோசனை இது. சேர்த்து வைத்த 6,500-இல் 5,000-ஐ இந்த வாரமே கார்டில் கட்டுங்கள். பாக்கி 3,600 ஆகிவிடும். மாதம் மிஞ்சும் 900-உடன் இப்போது கட்டும் 258-ஐயும் சேர்த்து 1,158 வெள்ளி கட்டி வாருங்கள். ஜூலை முடிவில் பாக்கி 2,520, ஆகஸ்டில் 1,420, செப்டம்பரில் 300, அக்டோபரில் தீர்ந்தது. இடையில் போகும் வட்டி மொத்தம் 180 வெள்ளிக்குள். இதற்காக, கார்டுப் பாக்கியை வேறு கணக்குக்கு மாற்றும் கடன்மாற்றுத் திட்டம் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வட்டியில்லை என்பார்கள், ஆனால் 3,600-க்குக் கட்டணமே 90 வெள்ளி அளவுக்கு வரும். கார்டும் காலியாகித் திரும்பத் தேய்க்கத் தோன்றும். அவசரப் பணம் 12,000-ஐத் தொடாதீர்கள், அது உங்கள் குடும்பத்துக்கு இரண்டு மாதச் செலவு இருக்குமா என்பதே சந்தேகம். டிசம்பரில் கூடுதலாக வரும் 13-வது மாதச் சம்பளமும் அதில்தான் சேர வேண்டும்.

பயணத்தை மார்ச் பள்ளி விடுமுறைக்குத் தள்ளுங்கள். கையில் மீதி 1,500, அக்டோபரில் மிஞ்சும் 850, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் 1,158. ஏறத்தாழ 7,000 வெள்ளி ரொக்கமாகச் சேரும். மார்ச்சில் வடக்கே மூடுபனி இல்லை, கடும் வெயிலும் தொடங்கியிருக்காது. ஹோலி எந்தத் தேதியில் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வட இந்திய ரயில்களில் இடம் கிடைப்பது கடினம்.

வார இறுதிகளோடு சேர்த்து ஒன்பது நாள் கிடைக்கும். அதற்கு மூன்று பகுதிகள் போதும். சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து நேரே டெல்லி, திரும்பும்போது திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூர். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறாததால் ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் மிச்சம். டெல்லியில் இரண்டு இரவு. திங்கள் காலை அங்குள்ள ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதனால் இந்த வரிசையைக் கலைக்க வேண்டாம். வெளிநாட்டவருக்கு நுழைவு 1,100 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு மேலும் 200. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான், அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். மறுநாள் காலை ஆக்ரா–வாரணாசி வந்தே பாரத் ரயில், சுமார் ஏழு மணி நேரம். டெல்லிக்குத் திரும்ப வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது, தேதியைச் சரிபார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். காசியில் இரண்டு இரவு, பிறகு விமானத்தில் சென்னை, ஓர் இரவு தங்கி வெள்ளிக்கிழமை ரயிலில் திருச்சி. ஜெய்ப்பூரையும் கேரளாவையும் விட்டுவிடுங்கள். கேரளாவுக்குத் தனியாக ஐந்து நாள் ஒதுக்கினால்தான் பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கி எதையாவது பார்ப்பார்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மார்ச் நடுவில் பயணம் என்றால் ஜனவரி நடுவில். அண்ணனிடம் கேட்க வேண்டிய உதவி இதுதான். அவர் அங்கிருந்தே இந்திய ரயில் முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் எடுத்துத் தரட்டும். வெயிட்டிங் லிஸ்டில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உறுதியாகாத மின்டிக்கெட், ரயிலின் பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாக ரத்தாகிவிடும், நீங்கள் ஆக்ராவில் நிற்பீர்கள்.

செலவு: வெளிநாட்டு விமானம் நான்கு பேருக்கு 2,400, காசி–சென்னை விமானம் 490, ரயில்கள் 215, ஆறு இரவுத் தங்கல் 555, சாப்பாடும் உள்ளூர் வண்டியும் 740, நுழைவு, விசா, பயணக் காப்புறுதி 400. இவற்றோடு அண்ணன் குடும்பத்துக்கு 460, அதாவது 30,000 ரூபாய். மொத்தம் 5,300-க்குள். விமானக் கட்டணம் ஏறினாலும் 7,000 தாங்கும். மிஞ்சுவது அவசரக் கணக்குக்கு.

அந்த 30,000-ஐப் பற்றி அண்ணனிடம் இப்போதே, டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். "அண்ணே, போன தடவை கார்டுல வாங்கின கடனே இன்னும் முடியல. வடக்கே நாங்க மட்டும் போயிட்டு வர்றோம். சனிக்கிழமை எல்லாருமா வண்டி எடுத்துத் தஞ்சாவூர் போவோம். அதுக்கும் வீட்டுச் செலவுக்குமா 30,000 முன்னாடியே அனுப்பிடறேன்." காரணத்தையும் தொகையையும் அவரிடம் மறைக்காதீர்கள். சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறைகளுக்கு இடையே இணைப்பு 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது, இரு பக்கமும் வங்கிகள் அதில் சேர்ந்திருந்தால் கைப்பேசியிலேயே அனுப்பலாம். முன்கூட்டியே அனுப்பிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே போய்க் கடைக்குக் கடை நீட்டும் கார்டுக்கு எல்லை கிடையாது.

மைல் கார்டு: சாதாரணக் கார்டில் 8,000 வெள்ளி தேய்த்தால் சுமார் 10,000 மைல் கிடைக்கும், அதன் மதிப்பு 150 வெள்ளி சுற்று வட்டாரம். உங்கள் ஒரு மாத வட்டியே 193. பாக்கி வைப்பவருக்கு மைலில் லாபமே இல்லை, இதை உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள். வட்டியில்லாத் தவணையும் உங்களுக்குப் பொருந்தாது. அந்தத் தவணை மாதாமாதம் கார்டுக் கணக்கில்தான் வந்து விழும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறவருக்கு மீதி அப்படியே 27 விழுக்காட்டுப் பாக்கியில் சேரும்.

இந்தியாவில் செலவழிக்க முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் யூடிரிப், வைஸ் போன்ற அட்டை ஒன்று போதும். வங்கிக் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்குச் சுமார் 3.25 விழுக்காடு கட்டணம் உண்டு, 2,000 வெள்ளிக்கு 65 போகும். கடைக்காரர் "சிங்கப்பூர் டாலரில் போடவா" என்று கேட்டால் ரூபாயில் போடச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டு ஒன்றை மருத்துவ அவசரத்துக்கு மட்டும் பெட்டியில் வையுங்கள். கிளம்பும் முன் வங்கியிடம் சொல்லி அதன் வரம்பை 3,000-க்குக் குறையுங்கள். மனைவி பெயரில் துணை அட்டை இருந்தால் அதுவும் இதே வரம்பில்தான் ஓடும், அவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.