டி செல்லின் பிரேக்கை மிதிப்பது யார்?

கேள்வி: எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் புற்றுநோய் வராது என்கிறார்கள். காய்ச்சல்கூட அதிகம் கண்டிராத எனக்கு ஏன் வந்தது, டாக்டர்?

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, அம்மா. இப்படிச் சொல்லி நோயாளியைக் குற்றவாளியாக்குவதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பழுதான செல்களை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தேடி அழிப்பது உண்மைதான். ஆனால் புற்றுச்செல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. நம் செல்லிலிருந்தே பிறந்தது. தவிர, நம் உடலையே தாக்கிவிடாதபடி டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. பல புற்றுக்கட்டிகள் அதை மிதித்துக்கொண்டே வளர்கின்றன. பிடி-1 ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் 1992இல் கண்டறியப்பட்டது. சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் அவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றைய இம்யூனோதெரபி மருந்துகள் பலவும் இந்தப் பிரேக்கை விடுவிப்பவைதான். எல்லோருக்கும் அது பலிப்பதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு இம்யூனோதெரபி நடக்கிறது. இரண்டு நாளாக ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், இன்றே. பிரேக் விடுபட்ட டி செல்கள் குடலையே தாக்கியிருக்கலாம். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை என்றாலும் இப்படித்தான், காத்திருக்காதீர்கள்.

கேள்வி: சிகிச்சையோடு சீந்தில் கஷாயம்?

பதில்: வேண்டாம். அதைக் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தான பிசிஜியை ஏற்றப்போகிறார்களாம். தவறாகச் சொல்கிறார்களா?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள், ஐயா. 1976இல் கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் வெளியிட்ட முறை இது. தசைக்குள் இறங்காத கட்டியைச் சுரண்டி எடுத்தபின், வாரம் ஒருமுறை, ஆறு வாரம் கொடுப்பார்கள். மெல்லிய குழாய் வழியாக மருந்து உள்ளே போகும். சுமார் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். வீரியம் குறைத்த அந்தப் பாக்டீரியாவை எதிர்க்க வரும் செல்கள், மிச்சமிருக்கும் புற்றுச்செல்களையும் சேர்த்துத் தாக்கும். ஓரிரு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் சகஜம்; குளிர்நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள். மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்தச் சிறுநீரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும்.