ப்ளூம்பரோ தொகுப்பின் வெள்ளைச் சீட்டுகளில் கமாண்டர் ஆட்டத்துக்கு எவை தேறும்?

மேஜிக் சீட்டாட்டத்தில் இதுவரை இருவர் ஆட்டத்திலேயே பழகியவர், இப்போது நான்கு பேர் உட்காரும் கமாண்டர் என்ற வகைக்காக, அதன் ஐந்து நிறங்களில் ஒன்றான வெள்ளையில் ஒரு கட்டு சேர்க்கிறீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ப்ளூம்பரோவில் எதை எடுக்கலாம், எதை விடலாம், எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேஜிக்கில் நான் பெரும்பாலும் வெள்ளைதான் ஆடுகிறேன். சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் கணக்கு. இருவர் ஆட்டத்தில் நான் ஒரு சீட்டைச் செலவழித்து உங்கள் சீட்டு ஒன்றை ஒழித்தால் சரிக்குச் சரி. நால்வர் ஆட்டத்தில் அதையே செய்தால் நம் இருவருக்கும் ஆளுக்கொரு சீட்டு நஷ்டம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவருக்கும் லாபம். உயிரும் ஆளுக்கு 20 அல்ல, 40. மூன்று எதிராளிகளையும் சேர்த்தால் தீர்க்க வேண்டியது 120. இருபதை வேகமாகத் தீர்க்கக் கட்டிய சின்னச் சின்ன வெள்ளைப் படைகள் இங்கே பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிடும். ஆக, கையில் சீட்டு தீராமல் பார்த்துக்கொள்பவரே கடைசிவரை நிற்பார். வெள்ளை காலங்காலமாகத் தடுமாறியதும் அங்கேதான். நீலம் சீட்டாக எடுத்துக் குவிக்கும், பச்சை நிலமாக விரிக்கும், வெள்ளை கைவிரிக்கும். 2019இல் ஸ்மதரிங் டைத், 2021இல் எஸ்பர் சென்டினல் போன்ற சீட்டுகள் வந்த பிறகுதான் இந்த நிறம் ஊருக்கு இளைத்தது என்ற பெயரிலிருந்து கொஞ்சம் மீண்டது.

எனவே புதுச் சீட்டு ஒன்றைப் பார்த்தால், அதன் வாசகத்தில் யார் யார் வருகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். ‘ஓர் எதிராளி’ என்றிருந்தால் மூன்று பேரில் யாராவது ஒருவர் பொருந்தினால் போதும். ‘ஒவ்வொரு முறையிலும் ஒரு தடவை மட்டும்’ என்றிருந்தால், மற்றவர்களின் முறைகளையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு நான்கு தடவை. ‘உன்னுடைய’ என்று குறுக்கியிருந்தால் மேஜையின் முக்கால் பங்கு கணக்கிலேயே வராது.

கடைசியாகச் சொன்னதற்கு லைஃப்கிரீட் டுவோ நல்ல உதாரணம். விலை இரண்டு மனா (சீட்டை இறக்கக் கட்டும் சக்தி, பெரும்பாலும் நிலச் சீட்டுகள் தருவது), பறக்கும், உங்களுடைய வேறொரு கிரீச்சர் (சண்டையிடும் உயிரினம்) வந்தால் ஓர் உயிர் தரும். 1998இல் வந்த சோல் வார்டன் ஒரே மனாதான். அதில் ‘உன்னுடைய’ என்ற கட்டுப்பாடு இல்லை. மேஜையில் யாருடைய கிரீச்சர் வந்தாலும் உயிர் ஏறும். எதிரே ஒருவர் டோக்கன்களாக (கட்டில் இல்லாமல், மற்றச் சீட்டுகள் உண்டாக்கும் வில்லைகள்) கொட்டும்போது சோல் வார்டனின் சொந்தக்காரர் சும்மா உட்கார்ந்தே ஐந்து, ஆறு என்று ஏற்றிக்கொள்வார். வௌவால் கட்டு கட்டுகிறீர்கள் என்றால் மட்டும் டுவோவை எடுங்கள்.

இந்தத் தொகுப்பில் நான் மனம் நிறைந்து வாங்கச் சொல்வது பீசா, தி பவுண்டிங் ஸ்பிரிங். நான்கு மனாவுக்கு 4/5 உடம்பு (கொடுக்கும் அடி நான்கு, தாங்கும் அடி ஐந்து). வந்து இறங்கும்போது நான்கு கேள்வி கேட்கும். எதிராளி ஒருவரிடம் உங்களைவிட அதிக நிலம் இருந்தால் ஒரு ட்ரெஷர் (ஒரு தடவை ஒரு மனா தரும் டோக்கன்). அதிக உயிர் இருந்தால் உங்களுக்கு 4 உயிர். அதிக கிரீச்சர் இருந்தால் இரண்டு 1/1 மீன். கையில் அதிக சீட்டு இருந்தால் உங்களுக்கு ஒரு சீட்டு. இருவர் ஆட்டத்தில் நான்கும் கிடைக்க வேண்டுமானால் எதிரே இருக்கும் அந்த ஒரே ஆளிடம் எல்லா வகையிலும் தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்படித் தோற்பவரை பீசா வந்தும் காப்பாற்றுவது கடினம். நால்வர் மேஜையில் நான்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. எங்கள் மேஜையில் பச்சைக்காரரிடம் எப்போதும் என்னைவிட இரண்டு நிலமாவது கூடுதலாக இருக்கும். நீலக்காரர் கை நிறையச் சீட்டு வைத்திருப்பார். சிவப்பு ஆடுபவர் அதற்குள் நாலைந்து கோப்ளின்களை இறக்கியிருப்பார். நால்வரில் முதலில் அடி வாங்குபவர் நானாக இருந்தால் உயிர்க் கேள்விக்கும் ஆம்தான். நான்காவது, ஐந்தாவது சுற்றில் இறக்கினால் குறைந்தது மூன்று கிடைக்கும், பல நாள் நான்குமே கிடைக்கும். ட்ரெஷர் ஒரு மனாவைத் திருப்பித் தருவதால் உண்மையான விலை மூன்றுதான். இன்னொரு நுணுக்கம்: இறங்கிய பிறகுதான் இந்தக் கேள்விகள் வருகின்றன. அதற்குள் பீசா உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். கைச்சீட்டு எண்ணிக்கையில் அதுவே ஒன்று குறைத்துவிடும்.

பீசாவை அகற்றி மறுபடி வரவழைத்தால் அதே கேள்விகள் மறுபடி வரும் என்பதால், அதே தொகுப்பின் சால்வேஷன் ஸ்வானோடு இதைச் சேர்க்கப் பலருக்கும் தோன்றும். சேர்க்கலாம். ஆனால் ஸ்வான், பறக்காத கிரீச்சரை மட்டும்தான் எடுத்துப்போகும்; திருப்பித் தரும்போது பறக்கும் கவுண்டர் (பறக்கும் திறன் தரும் அடையாளம்) ஒன்றை வைத்துவிடும். ஒரு தடவை போய் வந்த பீசாவை ஸ்வானால் இரண்டாம் தடவை தொட முடியாது. இதையே நம்பிக் கட்டு கட்டாதீர்கள்.

‘ஒவ்வொரு முறையிலும்’ என்பதற்கு கேர்டேக்கர்ஸ் டேலண்ட். மூன்று மனா. உங்களுடைய டோக்கன் ஒன்றோ பலவோ வந்தால் ஒரு சீட்டு எடுக்கலாம், முறைக்கு ஒரு தடவை. இதை முயல் டோக்கன் கட்டுக்கான சீட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாசகத்தில் ‘டோக்கன்’ என்றுதான் இருக்கிறது. ட்ரெஷரும் டோக்கன், உணவும் டோக்கன். இப்போது இதன் பக்கத்தில் ஸ்மதரிங் டைத்தை வையுங்கள். எதிராளி தன் முறையில் சீட்டு எடுக்கிறார். இரண்டு மனா கட்ட மறுக்கிறார். உங்களுக்கு ட்ரெஷர் வருகிறது. ட்ரெஷர் வந்ததால் நீங்களும் ஒரு சீட்டு எடுக்கிறீர்கள். அடுத்தவர் முறையில் மறுபடி. அதற்கடுத்தவர் முறையில் மறுபடி. உங்கள் முறை வருவதற்குள் மூன்று சீட்டு, மூன்று ட்ரெஷர். இருவர் ஆட்டத்தில் இதே ஜோடிக்கு ஒரு சுற்றில் ஒன்றுதான். (டைத், மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் 2025இல் தந்த, ஆட்டத்தையே புரட்டக்கூடிய சீட்டுகளின் ‘கேம் சேஞ்சர்’ பட்டியலில் இடம்பெற்ற சீட்டு. சாதுவான மேஜையில் இறக்குவதாக இருந்தால் ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.) டேலண்டின் மூன்றாம் படி (மனா கட்டி ஏறுவது), டோக்கன் கிரீச்சர்களுக்கு +2/+2 தருகிறது. பிந்தைய சுற்றில் மனா மிஞ்சினால் அதுவும் உதவும். ஆனால் நான் இதை வாங்கியது முதல் வரிக்காகத்தான்.

அடுத்தது கிஃப்ட். ப்ளூம்பரோ கொண்டுவந்த இந்த விதிப்படி, சீட்டை இறக்கும்போது ஓர் எதிராளிக்குப் பரிசு தருவதாக வாக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் சீட்டு கூடுதலாக ஒரு வேலை செய்யும். இருவர் ஆட்டத்தில் இது கசக்கும், ஏனென்றால் யாரை வீழ்த்தப் பார்க்கிறீர்களோ அவருக்கே கொடுக்க வேண்டும். நால்வர் மேஜையில் இது மொய் எழுதுவது மாதிரி: யாருக்கு எழுதுகிறோம் என்று நாம்தான் தீர்மானிக்கிறோம், வாங்கியவர் அதை மறக்க மாட்டார்.

டாவ்ன்ஸ் ட்ரூஸ் இரண்டு மனா. அந்த முறை முடியும்வரை, நிலம் உட்பட மேஜைமேல் இருக்கும் உங்கள் சீட்டுகளை எதிராளிகள் குறிவைக்க முடியாது. ஒருவருக்கு ஒரு சீட்டு கொடுத்தால் அவற்றை அழிக்கவும் முடியாது. பச்சைக்கு 2017இல் ஹீரோயிக் இன்டர்வென்ஷன் இதே விலையில் இந்த இரண்டையும் இலவசமாகத் தந்துவிட்டது. வெள்ளைக்கு ஒரு சீட்டு மொய். யாரோ ஒருவர் எல்லா கிரீச்சர்களையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் போடுகிறார், மற்ற மூவரின் படையும் போகிறது, உங்களுடையது மட்டும் நிற்கிறது. அடுத்த நொடியே மேஜையின் எதிரி நீங்கள்தான். அந்த நேரத்தில் பரிசை யாருக்குக் கொடுப்பது? நான் பார்ப்பது, நிலங்களையெல்லாம் மனாவுக்காகச் சாய்த்துவிட்டு, மிச்ச மனா இல்லாமல் இருப்பவர் யார் என்று. அவர் எடுக்கும் சீட்டை அந்தக் கணத்தில் பயன்படுத்த வழியில்லை. அவரும் பின்தங்கியவராக இருந்தால் இன்னும் நல்லது. யாராவது இந்தச் சீட்டையே ரத்துசெய்துவிட்டால் பரிசும் போய்ச் சேராது. அந்த நஷ்டம் இல்லை. ஃபேர்வெல்லுக்கும் ஓவர்லோட் செய்த (கூடுதல் மனா கட்டி எல்லாவற்றின் மேலும் பாய விட்ட) சைக்ளோனிக் ரிஃப்டுக்கும் முன்னால் மட்டும் இது கைகொடுக்காது: ஒன்று அழிக்காமல் ஆட்டத்திலிருந்தே அகற்றுகிறது, மற்றது குறிவைக்காமல் கைக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஸ்டார்ஃபால் இன்வோகேஷன் ஐந்து மனா. எல்லா கிரீச்சர்களையும் அழிக்கும். ஒருவருக்கு ஒரு சீட்டு கொடுத்தால், இதனால் உங்கள் கல்லறைக்கு (செத்த சீட்டுகளின் குவியல்) போன கிரீச்சர் சீட்டு ஒன்று திரும்பி மேஜைக்கு வரும். இதைப் பார்த்தவுடன் ராத் ஆஃப் காடைவிட ஒரு மனா அதிகம் என்று சொல்பவர்கள் கமாண்டரை, அதாவது ஒவ்வொருவரும் தனி இடத்தில் வைத்து இறக்கும் தலைமைக் கிரீச்சரை, மறந்துவிடுகிறார்கள். 2020இல் விதி மாறியதிலிருந்து, சாகும் கமாண்டர் முதலில் கல்லறைக்குத்தான் போகிறது. அதைத் தனி இடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, ஓடிக்கொண்டிருக்கும் சீட்டு முழுதாக முடிந்த பிறகே வரும். ஸ்டார்ஃபால் அழிப்பதும் திருப்பித் தருவதும் ஒரே சீட்டின் இரண்டு வரிகள். ஆகவே கமாண்டர் செத்த சூட்டோடு கல்லறையிலிருந்து நேராக மேஜைக்கு வந்துவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை இறக்கிய கமாண்டரை மூன்றாம் தடவை இறக்க 4 மனா கூடுதலாகக் கட்ட வேண்டும், அது மிச்சம். மூன்று படைகள் காலி, உங்கள் கமாண்டர் மட்டும் நிற்கிறது, செலவு ஒரு சீட்டு. இதற்குமேல் என்ன வேண்டும்? உங்கள் கிரீச்சர்கள் எல்லாமே டோக்கன் என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். டோக்கன் ‘சீட்டு’ ஆகாது, திரும்பி வராது.

பார்ட்டிங் கஸ்ட் ஒரே மனா. ஒரு மீன் டோக்கனைப் பரிசாகக் கொடுத்தால் டோக்கன் அல்லாத கிரீச்சர் எதையும் ஆட்டத்திலிருந்து அகற்றும். கொடுக்காவிட்டால் அதே கிரீச்சர் முறையின் முடிவில் +1/+1 கவுண்டரோடு திரும்பி வரும். அந்த இரண்டாவது பாதியால்தான் இது என் கட்டில் இருக்கிறது: ஆபத்தில் இருக்கும் என் பீசாவைக் காப்பாற்றி, நான்கு கேள்விகளையும் இன்னொரு தடவை கேட்க வைக்கிறது. ஒரே மனாவில் கிரீச்சரை அகற்றும் பழைய ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸுக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் வைக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. வாரன் வார்லீடர் தாக்கியே ஜெயிக்கும் டோக்கன் கட்டுக்கு மிக நன்று, வேறெதற்கும் வேண்டாம். சீசன் ஆஃப் தி பர்ரோ பல வேலை செய்கிறது. ஆனால் ஐந்து மனாவை என் முறையிலேயே செலவழிக்க எனக்கு மனம் வருவதில்லை, உங்களுக்கு வரலாம். ரிப்பெல் கலாமிட்டி விலை குறைந்த கட்டுக்குப் போதுமானது. கடையில் ஒன்றிரண்டுதான் வாங்க முடியும் என்றால் பார்ட்டிங் கஸ்டிலிருந்து தொடங்குங்கள், அது அன்காமன் (எளிதில் கிடைக்கும் வகை) சீட்டு. பீசா மித்திக் (மிக அரிய வகை) என்பதால் பாக்கெட் பிரித்துத் தேடாமல் தனிச் சீட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.