மூவர் கோயிலில் மூன்றாவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டிக் கொடும்பாளூரில் இறங்கினோம். பெயர் மூவர் கோயில், நிற்பதோ இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். அதே அச்சில் ஒன்றைக் கட்டிவிட்டால் ஊருக்கு நாலு பேர் வருவார்களே? பிள்ளைகள் கால் மணி நேரத்தில் கிளம்பலாம் என்றுவிட்டார்கள்.

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கட்டவே கூடாது என்பேன். அந்த மூன்றாவது கோயிலின் சுவர் மாடங்களில் எந்தெந்தத் தெய்வச் சிற்பங்கள் இருந்தன என்பது நமக்குத் தெரியாது. இன்று எழுப்பினால் அது நம் காலத்துக் கட்டடம். உண்மையில் மிஞ்சியிருக்கும் அடித்தளமும் அதற்குள் போய்விடும். திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைத் துடைக்கும் மணல் வீச்சு செய்து எத்தனை கோயில்களில் கல்வெட்டுகள் தேய்ந்துபோயின! நினைத்தாலே வயிறு எரிகிறது.

கொடும்பாளூரில் அந்த எழுத்து தப்பித்திருப்பதால்தான் கதையே தெரிகிறது. நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த வம்சத்து அரசர் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் மூன்று கோயில்கள் எடுத்ததைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் (சைவத்தின் ஒரு பிரிவு) துறவியிடம் ஒரு மடத்தைக் கொடுத்து, 50 துறவிகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்கிறார். அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனாரும் இவ்வூரை ஆண்ட வேளிர்தான். அடியார்களுக்காக நெற்பண்டாரத்தையே திறந்துவிட்டவர். இந்த ஊரில் கோயிலையும் சோற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது.

நீங்கள் போன சாலையும் சாதாரணமானது இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையவன், கொடும்பையின், அதாவது இதே கொடும்பாளூரின், குளக்கரையில் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், யாராவது காட்டினால்தானே தெரியும்? அடுத்த முறை முதலில் அந்த வெறும் அடித்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். குனிந்தாலே யாளி வரிசை கண்ணுக்கு நேரே வரும். சுற்றிலும் தரையோடு கிடக்கும் கற்களும் சும்மா கிடப்பவை அல்ல, சிறுகோயில்களின் அடித்தளங்கள். எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்திலேயே முசுகுந்தேஸ்வரர் கோயில், அங்கே இன்றும் பூசை நடக்கிறது. நேரமிருந்தால் புதுக்கோட்டை திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். இவ்வூர்ச் சிற்பங்கள் சில அங்கேதான் இருக்கின்றன.