பூண்டு ரசம் இனிமே கிடையாதா அக்கா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஐபிஎஸ்னு, அதாவது அடிக்கடி வயித்து வலி, உப்புசம் தர்ற குடல் கோளாறுன்னு சொல்லி, லோ ஃபாட்மேப் டயட் (சரியா செரிக்காம வயித்துல வாயு உண்டாக்குற சில சர்க்கரை வகைகள குறைக்கிற சாப்பாட்டு முறை) கொடுத்திருக்காங்க. வெங்காயம், பூண்டு கூடாதாம், பருப்பும் குறைக்கணுமாம். வயிறு சரியில்லன்னா பூண்டு ரசம்தானே நம்ம மருந்து, அதுவே ஆகாதுன்னா நான் என்னத்த செஞ்சு போடுறது? பூண்ட முழுசா போட்டு கொதிக்க விட்டு எடுத்துட்டா பரவாயில்லையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அப்படி மட்டும் செஞ்சிடாதீங்கம்மா. பூண்டுல வயித்த உப்ப வைக்கிறது ஃபிரக்டான்னு ஒண்ணு, அது தண்ணில கரையும், எண்ணெயில கரையாது. ரசத்துல போட்டு எடுத்தா பூண்டு வெளிய வந்துடும், ஃபிரக்டான் ரசத்துலயே நின்னுடும். அதனால ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில நாலு பல்ல லேசா நசுக்கிப் போட்டு, சின்ன தீயில பொன்னிறமாக விட்டு, ஒரு துணுக்கு கூட விடாம எடுத்துடுங்க, அப்புறம் அந்த எண்ணெயில கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளிச்சு ரசத்துல கொட்டினா வாசனை அப்படியே பூண்டு ரசம்தான். எண்ணெய அன்னன்னைக்கு செய்ங்க, வெளிய வச்சிருந்து மறுநாள் எடுக்காதீங்க, விஷமாகலாம்.

பருப்புத் தண்ணியும் இதே கதைதான். பருப்புல ஜிஓஎஸ்னு, ஃபிரக்டான் மாதிரியே வயித்த உப்ப வைக்கிற ஒரு சர்க்கரை வகை இருக்கு, அது தண்ணில இறங்கிடும், நாம அந்தத் தண்ணிய எடுத்துத்தானே ரசம் வைக்கிறோம்! அதனால இப்போதைக்கு பருப்பில்லாத மிளகு ரசம் வைங்க. கொஞ்சமா புளி, பாதி தக்காளி, மிளகு சீரகம் புதுசா பொடிச்சது, கொதிக்க விடாம நுரை கட்டினதும் இறக்கிடணும், சூடான குழைஞ்ச சாதத்துல ஊத்திக் கொடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு, பெருங்காயம். கடையில விக்கிறதுல நிறைய மைதா கலந்தது, கோதுமையிலயும் ஃபிரக்டான் இருக்கு, ஒரு சிட்டிகைதான்னாலும் லேபிள பாத்து அரிசி மாவு கலந்ததா வாங்குங்க. ரெடிமேட் ரசப்பொடியிலயும் பூண்டு இருக்கான்னு பாருங்க. வெங்காயத்துக்கு பதிலா வெங்காயத்தாள்ல பச்சைப் பகுதிய மட்டும் போடலாம், வெள்ளைய வேண்டாம்.

மெல்போர்ன்ல இருக்கிற மோனாஷ் யுனிவர்சிட்டிகாரங்க உருவாக்கின டயட் இது, ஆயுசுக்கும் இல்ல. 2லேர்ந்து 6 வாரம் கட்டுப்பாடா இருந்துட்டு அப்புறம் ஒவ்வொண்ணா திருப்பி சாப்பிட்டுப் பாக்கணும், நிறைய பேர் அந்த ரெண்டாவது கட்டத்துக்கு வராமலே பயந்து எல்லாத்தையும் விட்டுடுறாங்க, அது தப்பு. எத எவ்வளவுல ஆரம்பிக்கணும்னு டயட்டீஷியன இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கும் இதே டயட்தான், தயிர் சாதம் இல்லாம சாப்பாடே இறங்கல. (வாசகர், சேலம்)

பதில்: பால், தயிர்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரையத்தான் இந்த டயட்ல குறைக்கச் சொல்றாங்க. லாக்டோஸ் இல்லாத பால் கடையில கிடைக்குது தம்பி, அத காய்ச்சி வெதுவெதுன்னு இருக்கும்போது ஒரு சின்ன ஸ்பூன் தயிர் உறை ஊத்துங்க, நல்லாவே உறையும். தாளிக்க இஞ்சி, கறிவேப்பிலை போதும்.