சித்திரையில் உதிரும் தக்காளிப் பூ

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது பைகளில் தோட்டம் போட்டிருக்கிறேன். சென்ற ஆடியில் விதைத்த புடலையும் வெண்டையும் நன்றாகக் காய்த்தன. புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் நட்ட கத்தரியில் பாதி, மழையில் தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. தெற்குச் சுவரோரம் வைத்த கீரை மார்கழியில் வளரவே இல்லை. மாசியில் விதைத்த தக்காளி இப்போது பூத்துப் பூத்து உதிர்கிறது. உரத்தை மாற்றினேன், வேப்பெண்ணெய் தெளித்தேன், பயனில்லை. "கடையில் வாங்கினால் ஆகாதா?" என்கிறார் கணவர். ஆண்டு முழுவதும் காய் பறிக்க வழி உண்டா? மே மாதக் கடைசியில் பதினைந்து நாள் மகள் வீட்டுக்குப் போகிறேன். மிஞ்சிய கத்தரிச் செடிகளைப் பிடுங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உரத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள்; மாதப் பெயர்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில், உங்கள் செடிகளின் குறை முழுவதும் அந்த மாதப் பெயர்களில்தான் இருக்கிறது. கைப்பக்குவத்தில் ஒரு குற்றமும் இல்லை.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் காம்போடு உதிரும். சென்னைப் பக்கம் சித்திரை, வைகாசி இரவுகள் எப்படியிருக்கும் என்பதை மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எந்த உரமும் மருந்தாகாது. அடுத்த முறை கார்த்திகைத் தொடக்கத்தில் மழை படாத இடத்தில் குழித்தட்டில் விதையுங்கள். இருபத்தைந்து நாள் நாற்றை மார்கழியில் நட்டால், மாசி முதல் பங்குனிக் கடைசி வரை பழம் பறிக்கலாம். வெயில் ஏறுவதற்குள் செடி தன் வேலையை முடித்திருக்கும்.

கத்தரிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல்லை மானாவாரி நிலத்துக்கு மட்டுமே உரியதென்று பலர் நினைக்கிறார்கள்; குழாய்த் தண்ணீர் ஊற்றும் மாடிக்கும் அது பொருந்தும். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசியிலிருந்து மார்கழித் தொடக்கத்துக்குள், கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆடியில் விதைத்து ஆவணியில் நட்ட செடி அந்த மழை வரும்போது தண்டு முற்றி, வேர் பரப்பி நிற்கும். நீங்கள் நட்டதோ பென்சில் கனம்கூட இல்லாத நாற்று. தென்னைநார்க் கழிவு கலந்த மண் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, தண்டின் அடிப்பகுதி அழுகாமல் என்ன செய்யும்? வரும் ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். அடியில் உள்ள துளைகளில் வேர் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் டெங்கு கொசு வளர ஒரு வாரத் தண்ணீர் போதும்.

மழையைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது என் வீட்டு மாடியில் புடலைப் பந்தல் காய்களோடு நின்றது. காய்களின் மேல் இருந்த ஆசையால் அதைப் பிரிக்காமல் விட்டேன். மறுநாள் பந்தல் மூன்றாவது வீட்டுக் கிணற்றடியில் கிடந்தது. அதிலிருந்து கார்த்திகை பிறந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறேன்.

கீரை வளராததற்குக் காரணம் மண்ணில் இல்லை, வானத்தில் இருக்கிறது. ஆடி மாத நண்பகலில் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், தெற்குச் சுவரின் நிழல் மாடிக்குள் விழுவதே இல்லை. நீங்கள் அந்த மூலையை வெயில் உள்ள இடமென்று தேர்ந்தெடுத்ததும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். மார்கழியில் சூரியன் தெற்கே வெகுதூரம் சாய்ந்துவிடுகிறது. மூன்றடிக் கைப்பிடிச் சுவர் நண்பகலிலேயே இரண்டடிக்கு மேல் நிழலை உள்ளே வீழ்த்தும், மாடிப்படி அறை தெற்கே இருந்தால் அதன் நிழல் ஆறடி வரை நீளும். சுவரை ஒட்டிய பை நாள் முழுவதும் நிழலில் நிற்கும். ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, மாதத்துக்கு ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் விளிம்பில் கோடு போட்டு வாருங்கள். ஓராண்டில் உங்கள் மாடியின் பஞ்சாங்கம் உங்கள் கையில் இருக்கும். ஐப்பசி முடிந்ததும் பைகளை வடக்கே நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டு முழுவதும் எல்லாக் காயும் பறிக்க முடியுமா என்றால், முடியாது என்பதே என் பதில். முடியும் என்று நம்புவதால்தான் பலர் இரண்டாவது ஆண்டில் தோட்டத்தையே கைவிடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் நடக்கும் மே 4 முதல் 28 வரை என் மாடியில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பசலை தவிர வேறு எதுவும் நிற்பதில்லை. கார்த்திகையில் கிளை வெட்டிவிட்ட மல்லிகை மட்டும் இந்த வெயிலில்தான் கொட்டிக் கொடுக்கும். மற்றப் பைகளின் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி ஒரு வாரம் கிளறிக் காய வைக்கிறேன். மாவுப்பூச்சியும் புழுக்களும் குறைகின்றன. ஆடியில் மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து அதே மண்ணை மீண்டும் நிரப்பலாம். உங்கள் கணவரிடம், சித்திரையிலும் வைகாசியிலும் கடையில் வாங்குவதில் உங்களுக்கும் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாதி வாக்குவாதம் அதோடு முடியும்.

பயணத்துக்கும் இதுவே வசதி. காய்ந்த தக்காளியை எடுத்துவிட்டு, பத்துப் பைகளை மட்டும் நெருக்கி நிழல்வலைக்கு அடியில் வைத்து, இரண்டங்குல உயரத்துக்குச் சருகு மூடாக்கு இட்டுவிட்டுப் போங்கள். முப்பது பைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள், பத்துப் பைக்கு மனமுவந்து வருவார்கள்.

கத்தரியைப் பிடுங்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள். தண்டில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்தச் செடியை மண்ணிலிருந்து ஓரடி விட்டுச் சாய்வாக வெட்டி, அந்தப் பத்துப் பைகளோடு சேர்த்து வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரிலிருந்து திரும்பும்போது கணுக்களில் துளிர் வந்திருக்கும். பழுப்பாக இருப்பதை மட்டும் பிடுங்கிவிடலாம்.