வெயில்தான் காரணமா?

கேள்வி: நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கும் படிவம் ஐந்து மாணவி. புவியியல் எனக்குப் பிடித்த பாடம். வகுப்பில் காட்டப்பட்ட உலக வரைபடத்தில் பணக்கார நாடுகள் பெரும்பாலும் வடக்கிலும், ஏழை நாடுகள் பூமத்தியரேகையை ஒட்டியும் இருந்தன. வெப்பநாட்டு மக்களால் அதிகம் உழைக்க முடியாது என்பதே காரணம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. என் பாட்டி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை செய்கிறார். நாங்கள் முன்பு குடியிருந்த, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு எங்களை ஏழைகள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. பிறந்த இடம்தான் ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா? படிவம் ஆறில் புவியியல் எடுக்க விரும்புகிறேன். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகி, பேராக்

பதில்: அன்புத் தங்கைக்கு வணக்கம்.

வெப்பநாட்டு மக்கள் உழைப்பில் பின்தங்கியவர்கள் என்னும் விளக்கம் மிகப் பழையது. ஐரோப்பியர் பிற நாடுகளைப் பிடித்து ஆண்ட காலத்தில், ஆண்டவர்களுக்கு வசதியாக இருந்ததால் அது வேரூன்றியது. அதை மறுக்க நீங்கள் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பாட்டியிடம் கேட்டாலே போதும். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, நானூறு ஐந்நூறு மரங்களை வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, பிறகு அதே நிரையில் திரும்பி வந்து மங்குகளில் தேங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டா கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்த தலைமுறை அது. உளியால் சீவும் பட்டை மிக மெல்லியதாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணியிடம் வசவும் கிடைக்கும். அந்த வேலை விடியற்காலையில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் இலைகள் வழியாக மரம் இழக்கும் நீர் குறைவு என்பதால், பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் தணிந்து, பால் ஓட்டமும் குறையும். வெப்பத்தைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப உழைப்பின் நேரத்தை அமைத்துக்கொண்ட மக்களைப் பார்த்து உழைக்க முடியாதவர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

வேறு சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட விலகாத சிங்கப்பூர் உலகின் பணக்கார நாடுகளுள் ஒன்று. பனி கொட்டும் தஜிகிஸ்தான் ஏழை நாடு. இதை வைத்துக்கொண்டு இடத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. கடலே இல்லாத சாட், நைஜர் போன்ற நாடுகள் தங்கள் சரக்கை அண்டை நாடுகளின் சாலை வழியாகத்தான் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு ஒவ்வொரு மூட்டையின் விலையிலும் ஏறுகிறது. மலேரியா வெப்பநாடுகளில் மனிதர்களை முடக்கியது என்பதும் உண்மையே. ஆனால் அந்த மலேரியாவை நம் நாட்டிலேயே எப்படி அடக்கினார்கள் என்று பாருங்கள். கொசுவே நோயைப் பரப்புகிறது என்பதை 1897இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்து, கால்வாய் வெட்டி, அவ்வூரிலும் அதன் துறைமுகத்திலும் நோயைக் குறைத்துக் காட்டினார். வெயிலும் மழையும் மாறவில்லை. வடிகாலுக்குப் பணம் செலவிட யாரோ முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பணம் முதலில் துறைமுகத்துக்கும் ஊருக்கும் வந்தது, தோட்டத்து லயங்களுக்குப் பிறகுதான் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இடம் எதைத் தருகிறது, மனிதர்கள் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க ரப்பரைவிட நல்ல பாடம் வேறில்லை. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகில், அந்தப் பாடத்தின் முதல் பக்கம் இன்னும் மரமாக நிற்கிறது. ரப்பர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றங்கரைப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்கு அனுப்பினார். கியூ தோட்டத்தில் அவற்றுள் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி பிறகு வகுத்தார். போகிற இடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தியதால் அவரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே கேலி செய்தார்கள். மோட்டார் வண்டிகள் பெருகியதும் கேலி நின்றுவிட்டது.

இதில் இடத்தின் பங்கு பெரியது. நம் மண்ணில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. அதைவிட முக்கியமாக, அமேசானில் ரப்பர் இலைகளைக் கருக்கும் பூஞ்சை நோய் இங்கே இல்லை. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நின்றதால் அந்த நோய் அங்கே அடங்கிக் கிடந்தது. நெருக்கமாக நட்டால் தோட்டத்தையே அழித்துவிடும். அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் அதே தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் அமைக்கத் தொடங்கி, அந்த நோயிடமும் நிர்வாகக் கோளாறுகளிடமும் தோற்று, 1945இல் பிரேசில் அரசிடமே அதை விற்றுவிட்டு வெளியேறினார். எவ்வளவு பணம் இருந்தாலும் புவியியலோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். விதை போன இடம் தெரிகிறது, மரம் வளர்ந்த இடம் தெரிகிறது. பணம் எங்கே போனது? பெருந்தோட்டங்களில் பலவற்றின் பங்குகள் லண்டனில் விற்கப்பட்டன, ரப்பர் விலை அங்கே பேசப்பட்டது, இலாபமும் அங்கே பிரிக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது சம்பளம் குறைந்தது இங்கே; பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் இங்கிருந்துதான். மழையும் மண்ணும் இதில் எதையும் செய்யவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் வந்த கதையும் அப்படித்தான். விக்ஹாம் விதைகளை அனுப்பிய அதே 1876இல், நம் முன்னோர் வாய்மொழியில் தாது வருடப் பஞ்சம் என்று நிலைத்துவிட்ட பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. மழை பொய்த்தது இயற்கை. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானதும், நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்ததும் மனிதர் எடுத்த முடிவுகள். கடல் கடந்து பிழைக்கப் போவதைப் பல குடும்பங்களுக்கு ஒரே வழியாக ஆக்கியவை இத்தகைய பஞ்சங்களும், கடனும், நிலமின்மையும். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணிகள் ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள்.

உங்கள் பழைய லயத்தில் இப்போது இருப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுள் பலர் முகவர்களுக்குக் கட்டுவதற்காகக் கடன் வாங்கி இங்கே வருகிறார்கள்; வேலையின் முதல் காலம் அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. கங்காணியின் முன்பணத்தில் மாட்டியிருந்தவர்களின் பேத்திக்கு இது புரியாத கணக்கன்று. வங்காளதேசம் ஏன் ஏழை என்று கேட்டால், தாழ்ந்த ஆற்றுக் கழிமுகம், புயல், வெள்ளம் என்று வகுப்பில் எழுதிவிடுவோம். நெதர்லாந்தும் ஆற்றுக் கழிமுகத்தில்தான் இருக்கிறது. அதன் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. 1953இல் கடல் உள்ளே புகுந்து அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்நாடு மாபெரும் தடுப்பணைகளைக் கட்டிக்கொண்டது, அதற்குப் பணமும் இருந்தது. 1970இல் அடித்த போலா புயலில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்த மண்ணில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பணக்கார நாடாக ஆகாமலேயே, எச்சரிக்கை கொடுக்கும் தொண்டர் படையையும் புயல் புகலிடங்களையும் அமைத்துக்கொண்ட பிறகு, 2007இல் வந்த சித்ர் புயலில் அந்த எண்ணிக்கை சுமார் 3,400 ஆகக் குறைந்தது. உங்கள் தோழிகள் யாரேனும் அவர்களை இளக்காரமாகப் பேசினால் இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள்.

பிறந்த இடம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதானால், பெருமளவு தீர்மானிக்கிறது என்றே சொல்ல வேண்டும். உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் பிரான்கோ மிலானோவிச் கணக்கிட்டதன்படி, உலக மக்களின் வருமானங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டதற்கு அவரவர் வாழும் நாடே காரணம். ஒரே மனிதர், அதே இரண்டு கைகள், அதே திறமை. எல்லையைத் தாண்டி வந்ததும் கூலி பல மடங்காகிறது. அதனால்தான் வங்காளதேசத் தொழிலாளர்கள் கடன்பட்டாவது வருகிறார்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நமக்குப் போதாது என்று தோன்றுவதும் உண்மை, அதை நம்பி ஒருவர் கடல் கடந்து வருவதும் உண்மை. அவர்கள் உங்களைவிட வறியவர்கள் என்பதற்காக உங்கள் வீட்டின் பற்றாக்குறை இல்லாததாகிவிடாது. கூச்சப்பட வேண்டாம். யார் அதிகம் ஏழை என்று போட்டி வைத்தால், சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தோட்டத்துக்குள்ளேயே பாருங்கள். துரை பங்களா மேட்டில் காற்றோட்டமாக இருக்கும், லயங்கள் பெரும்பாலும் தாழ்வில் இருக்கும். ஒரே மழை, ஒரே மண், ஒரே வெயில். அதை மாற்ற நம்மவர் முயன்றதும் உண்டு. 1950களிலும் அறுபதுகளிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்க, சங்கம் தோட்டங்களை வாங்கியது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. என்றாலும், பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆகலாம் என்பதை அது நடத்திக் காட்டியது. பாட்டியிடம் அந்தப் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தது 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையில் வரையப்பட்டதாக இருந்தால், துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெரிதாகத் தெரியும். மாலுமிகளுக்கு அது உதவியது. நாடுகளின் அளவை ஒப்பிட உதவாது. அதில் போர்னியோ தீவும் பிரிட்டன் தீவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் போர்னியோ மூன்றரை மடங்கு பெரியது. சம பரப்பு முறையில் வரைந்த உலக வரைபடம் ஒன்றைத் தேடிப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி. அலட்சியமாகப் பதில் சொல்லாதீர்கள். கணக்கியலோ தாதிமையோ படித்தால் வேலையின் பெயர் உடனே தெரிகிறது, புவியியலில் அப்படித் தெரிவதில்லை. ஆனால் நில அளவை மற்றும் வரைபடத் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, வானிலைத் துறை, நகர ஊரமைப்புப் பணி, ஆசிரியப் பணி ஆகிய எல்லாவற்றிலும் இப்படிப்புக்கு இடமுண்டு. அப்பா வேலை செய்யும் செம்பனைத் தொழிலே இன்று எந்த நிரையில் மரம் நோயுற்றிருக்கிறது என்பதை டிரோன் படத்தையும் கணினி வரைபடத்தையும் வைத்துப் பார்க்கிறது. அவரிடம் இதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் சொல்வேன்: கணிதத்தைக் கைவிடாதீர்கள். புள்ளிவிவரமும் கணினியும் தெரியாத புவியியல் பட்டதாரிக்குக் கதவுகள் குறைவு. தெரிந்தவருக்கு நிறைய உண்டு.

படிவம் ஆறில் புவியியல் எடுத்தால் கள ஆய்வுப் பணி ஒன்று செய்ய வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பங்களா, லயம், ஆலை, கோயில், பள்ளி, ஆற்றின் போக்கு, வெள்ளம் ஏறும் எல்லை, யார் எந்த ஆண்டில் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை. பழைய லயத்தில் இருப்பவர்களிடம் பேசுமுன் அவர்களுடைய அனுமதியைக் கேளுங்கள், அவர்கள் பெயரை எழுதாதீர்கள், அப்பாவையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.