அப்பாவின் கதிரை ஒன்பது அடியில்: எந்த டிவி எடுப்பது?

கேள்வி: எங்கள் பழைய பெட்டி டிவி போன மாதம் ஒரேயடியாக நின்றுவிட்டது. கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கடையில் தெரிந்த கம்பனியின் 32 அங்குல எச்டி டிவி 78,000 என்றார்கள். இன்னொரு கடையில் 43 அங்குல 4கே டிவியே 88,000தான், ஆனால் கம்பனிப் பெயர் நாங்கள் கேள்விப்படாதது. மூன்றாவது கடையில் நல்ல கம்பனியின் 43 அங்குல ஃபுல் எச்டி 130,000. தவணைக்கு என்றால் மாதம் 7,500 படி 24 மாதம். அப்பாவுக்கு 72 வயது, செய்தியும் கிரிக்கெட்டும் பார்ப்பார். பிள்ளைகளுக்கு யூடியூப். எதை எடுக்கலாம்?
– உவர்மலை வாசகி

பதில்: கடைக்குத் திரும்பப் போக முதல் அப்பாவின் கதிரையிலிருந்து டிவி வைக்கும் சுவர் வரை அளந்து பாருங்கள், தங்கச்சி. நம் வீட்டு ஹோல்களில் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அடி வரும். இந்த அளவு தெரியாமல் எந்த டிவியையும் நல்லது, கூடாது என்று சொல்ல முடியாது.

43 அங்குலத் திரையில் ஃபுல் எச்டி என்றால் சுமார் 20 இலட்சம் புள்ளிகள், 4கே என்றால் சுமார் 83 இலட்சம். ஆனால் நல்ல பார்வை உள்ளவருக்கே ஆறடிக்கு அப்பால் ஃபுல் எச்டியின் புள்ளிகள் பிரிந்து தெரியாது. ஒன்பது அடியில் இருக்கும் அப்பாவுக்கு அந்த மிச்ச 60 இலட்சம் புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை. அவர் பார்க்கும் செய்தியும் 4கேயில் வருவதில்லை. பெயர் தெரியாத கம்பனி, திருத்த உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதும் தெரியாது. அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது டிவி நல்லதுதான், தவணைதான் கூடாது. 7,500ஐ 24ஆல் பெருக்கினால் 180,000. அதாவது 50,000 ரூபாய் கூடுதல். இப்போதுள்ள 90,000த்தோடு அதே 7,500ஐ மாதாமாதம் நீங்களே எடுத்து வைத்தால் ஆறாவது மாதம் கையில் 135,000 இருக்கும், ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம்.

ஆறு மாதம் அப்பாவைக் காக்க வைக்க மனம் வராது என்றால் 32 அங்குலத்தையே எடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். ஒன்பது அடியில் அது சின்னதுதான். ஓட்ட எண்ணிக்கையை வாசிக்க அப்பா எழும்பி டிவிக்குக் கிட்ட வருவார். ஆனால் கதிரையை ஆறடிக்கு இழுத்துப் போட்டால், 43 அங்குலத்தை எட்டடியில் இருந்து பார்க்கிற அதே பருமனில் படம் தெரியும். மிஞ்சும் 12,000 ரூபாயில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும், மின்விசிறி சுற்றும்போது செய்தி வாசிப்பவரின் குரல் வயதானவர்களுக்குச் சரியாகக் கேட்காது.

கடையில் ஓடும் பளபளப்பான பூ, மீன் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் போனில் எடுத்த வீட்டு வீடியோ ஒன்றை யுஎஸ்பியில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். 'விவிட்' என்று இருக்கும் பட அமைப்பை 'ஸ்டாண்டர்ட்' ஆக்கச் சொல்லுங்கள். முழு வெள்ளையில் கரும்புள்ளி நிற்கிறதா, முழுக் கறுப்பில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், ஏனென்றால் பிள்ளைகள் ஒருநாளும் நேர் முன்னால் இருந்து பார்க்கமாட்டார்கள். யூடியூப்பை அங்கேயே திறந்து, ரிமோட்டை அழுத்தியதும் அசைகிறதா, திணறுகிறதா என்று கவனியுங்கள். டிவி திணறினால் பிறகு யூடியூப் ஓடும் சின்ன ஸ்டிக் ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐயில் சொருகிக்கொள்ளலாம் என்பதால் இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

'டிஜிட்டல் டியூனர் உள்ளே' என்ற ஸ்டிக்கருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கானது. நம் நாடு 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

உத்தரவாதத்தில் எத்தனை வருடம் என்பதோடு, எங்கே திருத்துவார்கள் என்பதையும் கேளுங்கள். என் வீட்டு டிவி ஒன்று உத்தரவாதக் காலத்திலேயே பழுதாகி, கொழும்புக்குப் போய் வர ஏழு கிழமை ஆனது. திருகோணமலையிலேயே பார்ப்பார்கள் என்றால் அதற்காக இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். பற்றுச்சீட்டில் மாடல் இலக்கமும் தொடர் இலக்கமும் எழுதி வாங்குங்கள். கடை கையை விரித்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

கேள்வி: வீடு கடற்கரைக்குக் கிட்ட. டிவி இரண்டு வருடம்தான் தாங்கியது, உள்ளே துருப்பிடித்துவிட்டது என்றார் திருத்துபவர். புதியதை எப்படிக் காப்பாற்றுவது?
– நிலாவெளி வாசகர்

பதில்: உப்புக்காற்றுதான் காரணம். என் பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றியபோது, போர்டில் வயர் சொருகும் இடமெல்லாம் பச்சைப் பாசி போலப் பூத்திருந்தது. கடல் பக்கத்து யன்னலுக்கு நேரே டிவியை வைக்காதீர்கள்; உள்சுவரில், பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். பார்க்காத நேரம் மெல்லிய பருத்தித் துணியால் மூடலாம், ஆனால் ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் மூடக்கூடாது. தினமும் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் ஈரம் காயும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிஷ் வயரையும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள், மின்னல் அவற்றின் வழியாகவும் வரும். தலைக்கு மேலே இடி வந்த பிறகு வயரைத் தொட வேண்டாம். வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.